விருந்தாளிப் பெட்டி

ஏழு வருஷமாக வெள்ளிக்கிழமை மத்தியானம் தவறாமல் லில்லிபுஷ்பத்தின் வீட்டுக்கு அரசாங்கத்தின் சக்கரம் வைத்த சோதனைப் பெட்டி சாப்பிட வந்துகொண்டிருந்தது. கைவிடப்பட்ட மணல் சுரங்கத்தின் நஞ்சு கடற்கரைக்காரர்களின் சோற்றில் கலந்திருக்கிறதா என்று ருசி பார்ப்பதுதான் அதற்கு வேலை. ஒரு பிடி சோறு, ஒரு துண்டு மீன், ஒரு டம்ளர் தண்ணீர். "நல்லா இருந்துச்சுக்கா, வாரேன்" என்று பெண் குரலில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு உருண்டு போகும்.

இன்று பெட்டி வரவில்லை, அதிகாரி வந்தார். லில்லிபுஷ்பம் கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு, விசாரணை முடிந்தது, ஊரில் எந்த நஞ்சும் இல்லை என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

அவள் வாங்கி மடித்து வைத்தாள். உலை வைக்க நேரமாயிற்று என்று மட்டும் தோன்றியது. மூலையில் அவள் புருஷன் ததேயு கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். விரல்கள் மரத்துப்போய் மூன்று வருஷமாகிறது. ஊசி ஏறி ரத்தம் வடிவது அவனுக்குத் தெரியவில்லை. அவள் போய்த் துடைத்துவிட்டு வந்தாள்.

அதிகாரி அதைப் பார்த்தார். "இது சுரங்கத்தால இல்லம்மா. இந்த வீட்டுச் சாப்பாட்டைத்தானே பெட்டியும் சாப்பிட்டுச்சு?"

"அதுக்கு வெளியூர் மீனுல்லா வாங்கி வைப்போம். தண்ணியும் கடையில வாங்குனது. எல்லா வீட்லயும் அப்படித்தான்."

"ஏன்?"

"வீடு தேடி வாற விருந்தாளிக்கு நம்ம கெணத்துத் தண்ணியையா குடுப்பாவ?"

அதிகாரியின் பார்வை கையிலிருந்த டம்ளருக்குப் போனது.

"பயப்படாம குடிங்க சார்," என்றாள் லில்லிபுஷ்பம். "அதுவும் கடையில வாங்குனதுதான்."