படம் பிடித்த மாப்பிள்ளை

“நீங்கல்லாம் மனுஷன்தானா, மாப்பிள்ளை?”

உள்ளே நுழைந்த வேகத்தில் அண்ணன் கத்தினார்.

தங்கை சமையலறைச் சுவரில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்தபடி தரையில் கிடந்தாள். முகமெல்லாம் வேர்வை. தையல்காரரான அவள் கணவர், தோளில் அளவு டேப் தொங்க, எதிரே குந்தி அவள் கழுத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம், மச்சான்.”

“பொண்டாட்டி துடிச்சிக்கிட்டிருக்கா, சினிமாவா எடுக்கறீங்க? இப்படின்னு தெரிஞ்சிருந்தா பொண்ணே குடுத்திருக்க மாட்டோம்!”

போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மருத்துவமனை வாசலில் வண்டியைவிட்டு இறங்கும்போதே, விசையை அணைத்ததுபோல் படபடப்பு நின்றுவிட்டது.

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டரம்மா, “நல்லாத்தானே இருக்கு” என்றார்.

“இதோட அஞ்சாவது தடவை, டாக்டர். வந்து சேர்றதுக்குள்ள நின்னுடுது. மனசுல பயம்னு சொல்லி மாத்திரை குடுத்து அனுப்பிடறாங்க.” கணவர் கையை நீட்டினார். “மச்சான், அந்தப் போனைக் குடுங்க.”

படத்தில் கழுத்து நரம்பு விடாமல் அடித்தது. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“நிமிஷத்துக்கு இருநூறைத் தாண்டுது. இது பயம் இல்லம்மா. இதயத்துடிப்புலயே கோளாறு. திடீர்னு வரும், திடீர்னு நிக்கும். சில பரிசோதனை இருக்கு, செஞ்சுட்டா வைத்தியம் பண்ணிடலாம். பயத்துக்கு மாத்திரை எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?”

“பன்னெண்டு.”

“குழந்தைங்க?”

“மாத்திரையை நிறுத்தினப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னாங்க.” அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இப்ப வயசு நாப்பத்தொண்ணு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“முதல்ல எப்ப வந்தது?”

“பத்து வயசுல.”

“அப்பவே வீட்டுல யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா?”

அவள் அண்ணனை ஒரு கணம் பார்த்தாள்.

“எனக்குச் சொல்லத் தெரியல, டாக்டர்.”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று அவள் நெஞ்சில் கைவைத்தபடி முதலில் ஓடிவந்தது அவரிடம்தான். ‘வேலைன்னதும் மகாராணிக்குப் படபடப்பு வந்துடும்’ என்று அவளைப்போலவே நெஞ்சைப் பிடித்து நடித்துக்காட்டி, வீட்டையே சிரிக்கவைத்தவர் அவர்.