ஒரு கையால் திறக்கும் கத்தி

ரோஸ்விதா கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினாள். கத்தி டக்கென்று விரிந்து நின்றது. அதை அவ்வழியே வந்த ஓர் இளம் போலீஸ்காரர் பார்த்துவிட்டார்.

வேசர் ஆற்றங்கரை பெஞ்சில், மடியில் சிறு பலகையை வைத்து, ரொட்டிக்குள் வைக்க அவள் இறைச்சி சாசேஜ் நறுக்கப் போனாள். அவளுடைய இடது கை, கணவர் எக்கெஹார்ட்டின் கையைப் பிடித்திருந்தது.

"அதைக் கொடுங்கம்மா. ஒரு கையால திறக்குது, திறந்ததும் பூட்டிக்குது. இந்த மாதிரிக் கத்தியை வெளிய கொண்டுவரக் கூடாதுன்னு தெரியாதா?"

"ரொட்டிக்குத்தான் தம்பி."

"ரொட்டிக்கு ரெண்டு கையால திறக்கிற கத்தி போதுமே, அதைச் சட்டம் தடுக்கல. இதுதான் வேணும்கிறதுக்குத் தகுந்த காரணம் இருந்தா சொல்லுங்க, விட்டுடறேன்."

காரணம் இருந்தது. அதைக் கணவரின் காதுபடச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அது இல்லாம நாங்க வெளிய வரவே முடியாது தம்பி" என்றாள்.

"ஏங்கம்மா, படகு எத்தனை மணிக்குங்க?" என்று எக்கெஹார்ட் அவளைக் கேட்டார்.

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுக்காரம்மாகிட்ட இவ்வளவு மரியாதையா? பிடிச்ச கையையும் விட மாட்டேங்கிறீங்க. கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"நாற்பத்தாறு" என்று அவளே அவசரமாகப் பதில் சொன்னாள். "வாத்தியாரா இருந்தவர். எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசுவார்."

போலீஸ்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் சட்டத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்தவர். கத்தியை ஒரு உறையில் போட்டு ஒட்டினார், ஒரு தாளை நிரப்பி நீட்டினார்.

"எழுந்து வந்து இந்தச் சுவர்மேல வச்சுக் கையெழுத்துப் போடுங்க. காத்து அடிக்குது, இன்னொரு கையால தாளை அழுத்திப் பிடிச்சுக்குங்க."

அவள் தயங்கினாள். "உட்கார்ந்தே போடறேனே?"

"ரெண்டே நிமிஷம்மா. பேரை முழுசா எழுதணும், தேதியும் வேணும்."

"எக்கெஹார்ட், இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் கையை விட்டாள்.

ரோஸ்விதா ஹில்லெபிராண்ட். இவ்வளவு நீளமான பெயரை வைத்த அப்பாவை அவள் அன்று முதன்முறையாக நொந்துகொண்டாள்.

திரும்பியபோது பெஞ்சில் அவருடைய தொப்பி மட்டும் கிடந்தது. படகுத்துறைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெரிந்தது.

"இப்பத்தானே இங்க இருந்தார்? சொல்லாம எங்க போயிட்டார்?" என்றார் போலீஸ்காரர்.

அவள் தாளைக் காற்றில் விட்டுவிட்டு ஓடத் தொடங்கியிருந்தாள்.

"காரணம் கேட்டீங்களே தம்பி. நான் யாருன்னே அவருக்குத் தெரியாது. கையை விட்டா போயிடுவார்."