நூற்றுக்கு ஒன்று குறை

"சார், தயவு செஞ்சு போனை மட்டும் வெச்சிடாதீங்க!"

மலைக்கிராம ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினாள். மறுமுனையில் தலைநகரத்து அரசுக் காப்பீட்டு அலுவலக அதிகாரி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர்.

"வருஷத்துக்கு நூறு பிரசவம் நடந்தாத்தான் பிரசவ வார்டுக்குக் காப்பீட்டுப் பணம். அது இல்லேன்னா வார்டை மூட வேண்டியதுதான். இன்னைக்கு அஞ்சு மணியோட வருஷம் முடியுது. உங்க கணக்கு தொண்ணூத்தொம்பது. நான் என்னம்மா பண்ண?"

"ஒண்ணே ஒண்ணுதானே சார் குறையுது? மூடிட்டா எங்க பொண்ணுங்க மலையிறங்கி மூணு மணி நேரம் போகணும். போன மழையில ரோடு அடைபட்டு ஒருத்தி பஸ்லயே பெத்துட்டா. கண்டக்டர்தான் துணியால மறைச்சுப் பிடிச்சார்... ஒரு நிமிஷம் சார்."

நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அதிகாரிகளோடு பேசுகிறவர்களுக்கு அந்தப் பயிற்சி அவசியம்தான்.

"ஆறு நிமிஷம் சிஸ்டர்," என்றாள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஆயா.

"அங்க என்னம்மா நடக்குது?"

"நூறாவது கேஸ் இருக்கு சார். காலையிலயே வலி கண்டாச்சு."

"அப்ப அட்மிட் பண்ண வேண்டியதுதானே!"

"கையில ஒரு வேலை இருக்காம். முடிச்சிட்டுத்தான் படுப்பாங்களாம்."

"வலி கண்டப்புறம் என்னம்மா வேலை? வீட்டுக்காரர் எங்க போனார்?"

"வாசல்லதான் நிக்கிறார் பாவம். அவர் பேச்சை என்னைக்குக் கேட்டாங்க?"

அதிகாரி தன்னையறியாமல் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுலயும் அதே கதைதான்."

கல்லில் ஈரம் கசிகிறது என்று நர்ஸுக்குப் புரிந்தது. விடுவாளா?

"மூடுற உத்தரவு எங்க சார் இருக்கு?"

"என் மேஜை மேலதான். நாலு மணித் தபால்ல போகணும்."

"அஞ்சு மணி வரைக்கும் வருஷத்துக்கு உசிர் இருக்கே சார்! அதுக்குள்ள அடக்கம் பண்ணலாமா?"

பேச்சு வளர்ந்தது. அவர் விதியைச் சொன்னார். அவள் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் சொன்னாள். நடுநடுவே "ஒரு நிமிஷம் சார்" வேறு.

"நாலு நிமிஷம்தான் சிஸ்டர்!" ஆயா பதறினாள். "டாக்டரம்மா கூப்பிடறாங்க. பேசினது போதும், வாங்க!"

"இருங்க ஆயாம்மா!"

அதிகாரி பெருமூச்சு விட்டார். "சரிம்மா, உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது. அஞ்சு வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது. முதல்ல அந்தப் பொண்ணைக் கவனிங்க!"

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் சார் நின்னேன்."

ரிசீவரை மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டு, பிரசவ அறைக்குள் போனாள் நர்ஸ்.

அதிகாரியும் போனை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நாலு மணித் தபால் போய்விட்டது. உத்தரவு மேஜையிலேயே கிடந்தது. நாலரை. நாலு ஐம்பது. யாரோ முன்பின் தெரியாத பெண்ணுக்காக ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாலு ஐம்பத்து மூன்றுக்குப் போனில் ஒரு குழந்தை வீறிட்டது. மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"பொண்ணு சார்! மூணு கிலோ! தாயும் பிள்ளையும் சுகம்!" மூச்சிரைக்கப் போனை எடுத்தாள் ஆயா.

"ரொம்ப சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்!" உத்தரவை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார் அதிகாரி. "நூறு! இப்பவே பதிஞ்சிடறேன். தாயோட பேர் என்ன?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? போன்ல அவ்வளவு நேரம் அவங்களோடதானே மல்லுக்கு நின்னீங்க!"