அக்கவுண்டில் இருக்கும் எஸ்தர் டீச்சர்

எஸ்தர் டீச்சர் வேலையை விட்டுவிட்டாள். அவள் முகமும் குரலும் பள்ளிக்கூட அக்கவுண்டிலேயே தங்கிவிட்டன. கம்ப்யூட்டர் அவற்றை வைத்துத்தான் ஐந்தாம் வகுப்புக்கு இன்றும் டேப்லெட்டில் பாடம் நடத்துகிறது. அவள் மகள் ஜெசிந்தாவும் அந்த வகுப்புதான்.

காலையிலிருந்து ஜெசிந்தாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. "போதும், படுத்துக்கோம்மா" என்று எஸ்தர் டேப்லெட்டை அணைக்கப் பார்த்தாள். அது அணையவில்லை. வகுப்பு நேரத்தில் டீச்சர் அனுமதித்தால்தான் அணையும்.

"நான்தான் எஸ்தர் டீச்சர். பிள்ளைக்கு முடியல, விட்டுடு" என்று திரையிடம் கெஞ்சினாள்.

திரையிலிருந்த எஸ்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். வேலையில் இருந்தபோது பெற்றோர்களிடம் இவள் எப்போதும் சொன்னதையே, இவள் குரலிலேயே சொன்னாள்: "பாடம் நடக்கும்போது குறுக்கே பேசாதீங்கம்மா. வெளியே நில்லுங்க."

ஜெசிந்தா மெல்லத் திரும்பினாள். காய்ச்சலில் கொதிக்கும் கையால் அம்மாவுக்குக் கதவைக் காட்டினாள்.