ஐந்துக்கு ஐந்து

பட்டினப்பாக்க வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய நாள்: தெருமுனை கிளினிக்கின் தரத்தை மதிப்பிட மூவர் குழு எழுந்தருளியிருந்தது.

உள்ளே ஒரே நோயாளி, மீன்காரி கெங்கம்மா. நர்ஸ் அவள் காதைக் கடித்தாள்: "சொல்லிக்குடுத்த மாதிரியே சொல்லு. முடிஞ்சதும் உன் கேஸ்தான் முதல்ல."

"என்னம்மா உடம்புக்கு? ரொம்ப நேரம் காக்க வெச்சாங்களா?" என்றார் குழுத்தலைவர்.

"நெஞ்சுவலி சார்," என்றாள், வாசலையே பார்த்தபடி. "வந்த அஞ்சு நிமிசத்துல பாத்துட்டாரு. தங்கமான டாக்டரு."

ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் விழுந்தது. டாக்டர் குழுவுக்குச் சால்வை போர்த்தி, சாப்பாட்டுக்கு அழைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

"சிஸ்டர், சரியா சொன்னேன்ல? இப்போ உள்ள இட்டுக்கினு வரட்டா?"

"டாக்டர் கிளம்பிட்டாரே. சாயங்காலம் வா."

கெங்கம்மா வெளியே ஓடினாள். காத்திருப்பவர்கள் கண்ணில் பட்டால் மார்க் குறையும் என்று, அவள் புருஷனைக் காலையிலிருந்தே ஆட்டோவில் உட்காரவைத்திருந்தார்கள்.

நெஞ்சுவலி அவருக்குத்தான்.