நிலாவுக்குச் சாட்சி பிலவேந்திரன்

"கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்றியே, உங்க கொள்ளுத் தாத்தாவ நீ கண்ணால பாத்தியாய்யா?"

ரேஷன் கடை ஜன்னலுக்கு உள்ளே இருந்து கேட்டார் சேல்ஸ்மேன் பிலவேந்திரன். வெளியே வரிசையில் முதல் ஆளாக நின்ற பஞ்சர் கடை கொளஞ்சியப்பன் அசரவில்லை.

"அவரு இல்லாம நான் பொறந்திருக்க முடியாது சார். நிலாவுக்கு எவனும் போகாட்டியும் அது தெனம் வந்துக்கினுதான இருக்குது?"

வரிசை சிரித்தது. பிலவேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. மலையடிவாரத்தில் அந்த ஊருக்கு ஒரே விஞ்ஞானி அவர்தான். யாரும் கொடுத்த பட்டமில்லை, அவரே எடுத்துக்கொண்டது. இருப்புப் பட்டியல் மாட்ட வேண்டிய ஆணியில், நிலாவில் பதிந்த பூட்ஸ் தடத்தின் படத்தை லேமினேஷன் போட்டு மாட்டியிருந்தார். அந்தக் கடையில் பருப்பு எவ்வளவு இருப்பு என்று தெரிந்துகொள்ள முடியாது. நிலா எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாமல் யாரும் வீடு திரும்ப முடியாது.

"கொடி ஆடுதே சார். காத்தே இல்லாத எடத்துல கொடி எப்படி ஆடும்?"

"குறுக்கால கம்பி கோத்திருக்கான்யா. நட்டவன் கை அசைவுல ஆடுது."

"ஒரு நட்சத்திரத்தக் கூடக் காணோமே?"

"அங்க அப்ப வெயில் அடிக்குது. வெயில்ல எடுத்த போட்டோல நட்சத்திரம் எங்கருந்து வரும்? நேத்து ஞாயித்துக்கெழமப் பூசை முடிஞ்சி நேரா நம்ம கரும்புக் கொல்லைக்குப் போனேன். சாயங்காலம் வரைக்கும் வரப்புல குந்திக்கினு இதத்தான் போன்ல பாத்தேன்."

"கரும்பு வெட்டு நடக்குதே, ஆளுங்களப் பாத்துக்க வாணாமா?"

"எதுக்கு? செவப்புத் துண்டக் கட்டிக்கினு ஒரு பொம்பள வருது. கரும்புல காஞ்ச சோகைய உரிக்குது பாரு, மிஷினு தோத்துது. அது மாதிரி நாலு பேரு இருந்தா மேஸ்திரியே வாணாம். பத்து நாளா நான் நிம்மதியா நிலாவப் பாத்துக்கினு இருக்கேன்."

கொளஞ்சியப்பன் கைரேகை மிஷினில் விரலை வைத்தான். மிஷின் ஏற்றுக்கொண்டது. அரிசியை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றான். அரிசி கிடைத்துவிட்டது என்பதற்காக விவாதத்தை விட்டுவிட்டுப் போக முடியுமா?

அடுத்து இருசம்மாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"மொதல்ல கைய வை" என்றார் பிலவேந்திரன்.

வைத்தாள். ரேகை பொருந்தவில்லை என்றது மிஷின்.

"தொடச்சிட்டு வை."

முந்தானையில் துடைத்து வைத்தாள். தலைமுடியில் தேய்த்து வைத்தாள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள். ஊஹூம்.

"போன எடு. நம்பர் வரும், அதச் சொல்லு."

"போனு வூட்டுக்காரருகிட்டங்க. கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போயிருக்காரு. எப்பவும் அவருதாங்க இங்க வருவாரு."

"அப்ப அவரே வரட்டும்."

"இன்னிக்கு மாசக் கடைசிங்க. இன்னிக்கு விட்டா இந்த மாச அரிசி போயிடும். கூலி வேலை முடிஞ்சப்புறந்தாங்க வரும். வூட்ல நேத்து ராவே ஒலை வெக்கல. ரெண்டு பொண்ணுங்களும் பட்டினியாத்தான் பள்ளிக்கூடம் போச்சுங்க."

பிலவேந்திரன் பெருமூச்சு விட்டார். இரக்கம் இல்லாதவர் இல்லை. சட்டம் தெரிந்தவர், அவ்வளவுதான்.

"எனக்கு நேர்ல தெரிஞ்ச ஆளுன்னா நோட்டுல கையெழுத்து வாங்கிக்கினு குடுக்கலாம். உன்ன எனக்கு இன்னா தெரியும்? நான் உன்ன இதுக்கு முன்ன பாத்ததே இல்ல."

"எனக்குத் தெரியும் சார்" என்றான் கொளஞ்சியப்பன். "எங்க தெருதான். இருசம்மா. நான் சாட்சி போடறேன்."

"நீயா? மனுசன் நிலாவுக்குப் போனதையே நம்பாத ஆளு. உன் சாட்சிய நான் நம்பணுமா?"

"நிலாவுக்குப் போனவன எனக்குத் தெரியாது சார். இந்தம்மாவத் தெரியும். உங்க கண்ணு முன்னாடிதான நிக்குது?"

"கண்ணால பாத்தா ஆச்சாய்யா? ஆதாரம் வாணாமா?"

சற்று முன்னால், பார்க்காமலே நம்பச் சொல்லிக் கொள்ளுத் தாத்தாவை இழுத்த அதே வாய்தான். அதற்கு ஒன்றும் கூச்சமாக இல்லை.

பிலவேந்திரன் எழுந்து, ஆணியில் தொங்கிய படத்தை விரலால் தட்டினார்.

"இங்க பாரும்மா. அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. நிலாவுல ஒருத்தன் வெச்ச காலு, அந்தத் தடம் இன்னும் அப்படியே கெடக்குது. கையோட ஒட்டிக்கினு இருக்கற ரேகைய உன்னால காப்பாத்த முடியல. இன்னாதான் பண்ண அத?"

இருசம்மாள் படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"அங்க கரும்பு வெளையாது போலங்க" என்றாள்.

வரிசையில் யாரோ கனைத்தார்கள். அவள் பையைத் திறந்தாள். வேலைக்கு எடுத்துப் போகும் தூக்குவாளிக்கு அடியிலிருந்து ஒரு துண்டை இழுத்தாள். சிவப்புத் துண்டு. சோகைத் தூசு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தலையைச் சுற்றிக் கட்டி, மூக்கையும் வாயையும் மூடி, கண் மட்டும் தெரிய நின்றாள்.

கொளஞ்சியப்பன் ஜன்னலுக்குள் கையை விட்டு, கையெழுத்து நோட்டை எடுத்து பிலவேந்திரன் முன்னால் வைத்தான்.

"இப்பத் தெரியுதுங்களா சார்?" என்றாள் இருசம்மாள்.