அன்னக்கொடி தோட்டத்து நோய்

கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதையில்லை இது.

எமர்ஜென்சி முடிஞ்ச மறுவருசம். போடியில ஒரு கல்யாண மண்டபத்துல ஏல விவசாயிகள் மாநாடு. குரங்கணி, போடிமெட்டுப் பக்கத்துத் தோட்டக்காரங்க எல்லாரும் மலையை விட்டு இறங்கி வந்திருந்தாங்க. மண்டபம் பூரா ஏலக்காய் வாசம். வாசல்ல ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தாங்க. பையை வாங்கினதுமே, வந்த சோலி முடிஞ்ச மாதிரி பாதிப் பேர் முகத்துல ஒரு நிம்மதி.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஆராய்ச்சி ஆபீசர் மைக்கைப் பிடிச்சார். மலையாளம் கலந்த தமிழ். மேல காத்தாடி சுத்துது. அவர் குரல் எங்கேயோ மரங்களுக்குப் பின்னால ஓடுற ஓடை மாதிரி ஓடிக்கிட்டே இருக்கு. வரிசை வரிசையா தலை சாஞ்சுது. அரைத்தூக்கத்துல அத்தனை பேரும் அவங்கவங்க தோட்டத்துக்குள்ள நடந்துக்கிட்டு இருந்தாங்கன்னு நினைக்கிறேன்.

அன்னக்கொடியும் கண்ணை மூடித்தான் உக்காந்திருந்தா. குரங்கணிக்கு மேல தோட்டம். புருசன் போன பிறகு, ஏல நாத்து வளத்து வித்துத்தான் பொழப்பு. அவ நாத்துன்னா நம்பி நடலாம்னு மலை பூரா பேரு. அந்தப் பேருதான் அவளுக்குச் சோறு.

அவளுக்குப் பின்னால பக்கத்துத் தோட்டக்காரன் ஜக்கையன். அவன் பக்கத்துல ராசிங்காபுரத்துச் சுருளிவேல். தை பிறந்தா ஜக்கையன் மகளுக்கும் சுருளிவேல் மகனுக்கும் கல்யாணம்.

"யாருக்கெங்கிலும் சந்தேகம் உண்டோ?" ஆபீசர் கேட்டார்.

யாரும் அசையலை. எங்க பக்கத்து வழக்கம் அது. ஏலத்துக்கு ஒரு நோய் வரும். குருத்துல வெளுத்த கோடு விழும், செடித்தூரு குட்டையாகும், கடைசியில தோட்டமே போகும். ஆனா தன் தோட்டத்துல இருக்குன்னு ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. திறந்தா அவங்ககிட்ட நாத்து வாங்க ஆள் வராது. பொண்ணெடுக்கக்கூட யோசிப்பாங்க.

அன்னக்கொடி கண்ணைத் திறந்தா. எந்திரிச்சா.

"அய்யா, என் தோட்டத்துல குருத்து இலையில வெளுத்த கோடு விழுது. தூரும் குட்டையாயிக்கிட்டே வருது. என்ன செய்யணும்?"

தூங்கினவங்க அத்தனை பேரும் முழிச்சுக்கிட்டாங்க.

"சரியாப் போச்சு. போன வருசம் இவகிட்டத்தானே நாத்து எடுத்தேன்."

"இம்புட்டு நாள் மூடி வச்சிருந்திருக்கா பாரு."

சுருளிவேல் துண்டால வாயைப் பொத்திச் சிரிச்சார். "தன் கடைக்குத் தானே பூட்டுப் போடுற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன் சம்பந்தி."

ஜக்கையனும் சிரிச்சான். அவளுக்குக் கேக்குற மாதிரியே சொன்னான்: "அவ எப்பவும் அரைவேக்காடுதான் சம்பந்தி."

அன்னக்கொடி திரும்பிப் பாக்கலை.

"கட்டே நோயாக்கும் அது," ஆபீசர் சொன்னார். "மருந்து இல்லை. சீக்குத் தூரை வேரோட எடுத்து எரிக்கணும். இல்லெங்கில் மத்ததுக்கும் பரவும். எதை எடுக்கணும், எதை விடலாம்னு நேர்ல கண்டாத்தான் சொல்ல முடியும். தோட்டம் எவ்விட?"

"குரங்கணிக்கு மேலங்கய்யா. விடிஞ்சதும் ஜீப்பு இருக்கு. நானே கூட்டிப் போறேன்."

"நாளையும் மாநாடு உண்டல்லோ அம்மா."

"மாநாடு மத்தியானம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கும்யா. தூரு காத்திருக்காது."

ஆபீசர் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினார்.

கூட்டம் கலைஞ்சதும் வாசல்ல திருப்பதின்னு ஒருத்தன் நின்னான். ஐப்பசிக்கு அவகிட்ட நாத்துக்குச் சொல்லி வச்சிருந்தவன். செருப்பைப் பாத்துக்கிட்டே பேசினான்.

"தப்பா நினைக்காத ஆத்தா. இந்த வருசம் நாத்து வேற பக்கம் பாத்துக்குறேன்."

"அதனால என்னப்பு," ன்னு சொல்லி, தன் துணிப்பையை அவன் கையில கொடுத்தா அன்னக்கொடி. "புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஆகும். கொண்டு போ."

மறுநாள் விடியக்காலை ரோடு முடியுற இடத்துல ஜீப்பு நின்னுச்சு. மேகம் பாதையில படுத்துக் கிடக்கு. முன்னால போற அன்னக்கொடி கரைஞ்சு போவா, அடுத்த மரத்தடியில மறுபடி தெரிவா. கூடவே நடந்தாலும் சொப்பனத்துல நடக்குற மாதிரி இருந்துச்சாம் ஆபீசருக்கு.

பாதை ரெண்டா பிரியுற இடத்துல மேகம் கொஞ்சம் விலகிச்சு. மேட்டுல ஒரு தோட்டம். ஒரு வெளுப்பு இல்லாம, பனி சொட்டச் சொட்டப் பச்சைப் பசேல்னு நின்னுச்சு.

ஆபீசர் நின்னுட்டார். "எந்தொரு அழகான தோட்டம்! அது யாரோடது?"

"அதுவா," அன்னக்கொடி தன் தோட்டத்தை ஒரு தடவை நிமிர்ந்து பாத்தா. "அது வேறொருத்தருதுங்கய்யா. நமக்குக் கீழ்ப்பாதை."

கீழ்ப்பாதை முடியுற இடத்துல ஜக்கையன் நின்னான். மாநாட்டுக்குப் போக வெள்ளைச்சட்டை, தோள்ல துணிப்பை. தோட்டத்துப் படலைச் சாத்திக்கிட்டு இருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால குட்டை குட்டையா ஏலத்தூரு. குருத்துல எல்லாம் வெளுத்த கோடு.

ஆபீசரைப் பாத்ததும் அவன் கை படல்லயே நின்னுபோச்சு.

அன்னக்கொடி அவன் கையை விலக்கிப் படலைத் திறந்தா.

"உள்ள வாங்கய்யா. இதுதான் என் தோட்டம்."

அப்புறம் அவன் பக்கம் திரும்பி, "என்னப்பா ஜக்கையா, பக்கத்துத் தோட்டக்காரன் இப்பிடி வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறியே. வெரசா ஒரு மம்பட்டி கொண்டா," ன்னு சொல்லிட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு முதல் தூருக்குப் பக்கத்துல குனிஞ்சா.